பலகை ஏறாத சந்தகை

கொங்குநாட்டுச் சிறுநகர்களில் சந்தை கூடும் நாளன்று, விடியுமுன்னரே அடுப்பு மூட்டும் உண்டிக்கடைகள் பல உள. ஈரோடு, கோபி, அந்தியூர், பெருந்துறை, காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும், பேருந்து நிலையத்தின் பின்புறத்திலோ சந்தைத் திடலின் வாயிலிலோ, ஓட்டுக் கூரையும் நான்கைந்து நீள்பலகை இருக்கைகளும் கொண்ட கடையொன்று இருந்தே தீரும். மாடு விற்க வந்தவரும், மஞ்சள் மூட்டையுடன் வந்தவரும், வழக்குமன்றத்திற்கு வந்தவரும், மருத்துவமனையில் கிடக்கும் உறவினர்க்குச் சோறு வாங்க வந்தவரும் அங்கே ஒரே பலகையில் தோளோடு தோள் உரச அமர்ந்து உண்பர். சுவரில் கரும்பலகை ஒன்று தொங்கும். அன்றைய உணவுகளின் பெயர்கள் அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். இட்டலி, தோசை, பூரி, பொங்கல், புரோட்டா, சப்பாத்தி, 'லெமன் ரைசு', 'டொமேட்டோ ரைசு', 'கர்டு ரைசு' என்று அது நீளும். அப்பலகையை மட்டும் படிப்பவர் தாம் நிற்கும் ஊர் காங்கேயமா, காரைக்குடியா, கடலூரா என்று ஒருநாளும் கூற முடியாது.

அதே கடையின் அடுக்களையை எட்டிப் பார்ப்பின் செய்தி வேறு. கடைக்காரரும் அவர்தம் இல்லத்தாரும் மாவரைக்கும் பெண்டிரும் நண்பகலில் தமக்கென்று ஆக்கி உண்பது அரிசிம்பருப்பும் கொள்ளுக் கடைசலும். வீட்டிற்கு விருந்தினர் வந்துவிட்டாலோ சந்தகை பிழிவர். கடைக்கு நெடுநாள் பழகியவர் சிலர், பரிமாறுபவரைத் தனியே அழைத்து, ஏதோ கள்ளப்பொருள் கேட்பார் போலத் தாழ்ந்த குரலில், "உள்ளே கடைசல் இருக்குதுங்களா?" என்று கேட்டு வாங்கி உண்பதும் உண்டு. "இத்துணைச் சுவையான உணவைப் பலகையில் எழுதக்கூடாதா?" என்று எவரேனும் வினவினால் கடைக்காரர் சிரிப்பார். "அதெல்லாம் வூட்டுச் சோறுங்க. பலகையில எழுதுனா ஆருங்க கேக்கப் போறாங்க?" என்பதே அவர் விடை.

அவ்விடையில் பணிவு மட்டும் இல்லை. தன் வீட்டு உணவு பிறர் காணத் தகாதது என்னும் கூச்சமும் உண்டு. பெயர் எழுதப்படாத உணவை எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாததை எவரும் ஆக்குவதில்லை. ஆக்கப்படாததை அடுத்த தலைமுறை அறிவதில்லை. ஓர் உணவு அழியும் வழி இதுதான். யாரும் அதனைத் தடைசெய்ய வேண்டுவதில்லை. பலகையில் இடந்தராமல் விட்டாலே போதும்.

சந்தகையை அறியாதார்க்கு அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். சந்தவை என்றும் அதனை வழங்குவர். அரிசியை ஊறவைத்து வெண்ணெய்போல் அரைத்து, உப்பிட்டு, இட்டலித் தட்டில் ஊற்றி முதலில் ஆவியில் வேகவைப்பர். வெந்ததனைச் சூட்டோடு சூடாகப் பிழியும் கருவியில் இட்டு அழுத்தினால், வெள்ளை நூல்போன்ற இழைகள் தட்டில் சுருண்டு விழும். முன்பு மரத்தாலான கருவி. பின்னர் மூன்று கால்களும் திருகுபிடியும் உள்ள இரும்புக் கருவி. ஈடு ஆறிவிட்டால் இறுகிப்போகும். எத்துணை வலியாரும் பிழிய இயலாது. ஆகலின் ஒருவர் தட்டெடுக்க, ஒருவர் கருவியில் இட, ஒருவர் திருகப் பிழிவதே முறை. தனித்திருந்து சந்தகை செய்வோர் அரியர். வீட்டில் சந்தகை என்றால் அண்டைவீட்டுப் பெண்டிரும் வந்து கை கொடுப்பர். திருகுபிடியைச் சுற்றும் வேலை இளைஞர்க்கு உரியது. கருவியைச் சூழ்ந்து நிற்பது சிறார்க்கு உரியது.

பிழிந்த சந்தகையைத் தேங்காய்ப்பாலும் நாட்டுச் சருக்கரையும் இட்டு உண்பர். எலுமிச்சை பிழிந்து தாளித்தும் உண்பர். நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றி உண்பார் அதற்கு ஈடாக வேறொன்றையும் ஒப்பார். தேங்காய் பொள்ளாச்சித் தோப்பினது, சருக்கரை கவுந்தப்பாடியினது. பழனிமலை ஐயமுதுக்கு (பஞ்சாமிர்தத்திற்கு) நாட்டுச் சருக்கரை வாங்கப்படுவதும் அக்கவுந்தப்பாடிச் சந்தையில்தான். அவ்வையமுது 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டில் ஈரோட்டு மஞ்சளும் பெற்றது. மஞ்சளுக்கும் ஐயமுதுக்கும் உலகறிந்த பெயர் உண்டு. அவ்விரண்டும் விளையும், விற்கும் வட்டாரத்து மக்கள் விருந்தினர்க்கு முதலாவதாக இடும் உணவிற்குத் தன் சொந்த ஊரின் கரும்பலகையில் ஓரடி இடமில்லை.

இடியாப்பம் என்பது வேறு உணவு. மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, முதலில் பிழிந்து, பின்னர் ஆவியில் வேகவைப்பது இடியாப்பம். முதலில் வேகவைத்துப் பின்னர் பிழிவது சந்தகை. வரிசை மாறினால் உணவும் மாறும். இடியாப்பத்தின் இழை மாவின் மென்மை உடையது. சந்தகையின் இழை சோற்றின் உறுதி உடையது. தாளித்துக் கிளறினாலும் குழையாது. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பெண்டிர் இரண்டு சொற்களால் பல தலைமுறைகளாகக் காத்து வந்தனர். இன்று நகரத்துக் கடைகள் சில இரண்டையும் 'இடியாப்பம்' என்றே எழுதுகின்றன. சில 'சேவை' என்கின்றன. கோவையில் படித்துவரும் பிள்ளையோ அதனைக் கண்டவுடன் 'ரைசு நூடுல்சு' என்கிறான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. நூடுல்சு என்னும் பெயரை அவன் ஆயிரம் முறை அச்சில் கண்டிருக்கின்றான். சந்தகை என்னும் பெயரை ஒருமுறையேனும் எழுத்தில் கண்டதில்லை. தன் பாட்டி பிழிந்த உணவை அயலார் உணவின் சாயலாக அவன் காணும்படி செய்தவர் பெரியவர்களே.

அரிசிம்பருப்பின் நிலையும் இத்தகையதே. அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேக, சின்னவெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், வரமிளகாய் சேர்த்து ஒரே ஏனத்தில் ஆக்கும் சோறு அது. தோட்டத்திலிருந்து இருட்டிய பின் வீடு திரும்பும் பெண், குழம்பென்றும் பொரியலென்றும் தனித்தனியே ஆக்கப் பொழுதில்லாதபோது கைவைப்பது இதில்தான். மேலே ஒரு கரண்டி நெய். பக்கத்தில் தயிரோ சுட்ட அப்பளமோ இருந்தால் போதும். ஊர்விட்டு ஊர்போய்த் தொழில் செய்யும் கொங்குநாட்டார் காய்ச்சலில் கிடக்கும்போது நினைப்பது இச்சோற்றைத்தான். அண்மையில் சில கடைகள் இதனை விற்கத் தொடங்கியுள்ளன, அது மகிழத்தக்கது. ஆயின் பலகையில் 'அரிசிம்பருப்பு' என்று எழுதக் கூசி, 'தால் ரைசு' என்று எழுதுகின்றன! பருப்பு என்னும் சொல்லுக்கு என்ன குறை வந்துவிட்டது என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை.

கொள்ளினைப் பற்றிக் கூற வேண்டுவது மிகுதி. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது ஊரறிந்த பழமொழி. கொள்ளை வேகவைத்து வடித்த நீரில் மிளகுசீரகம் தட்டிப்போட்டுச் சாறு வைப்பர். வெந்த கொள்ளை வெங்காயம், பூண்டு, மிளகாயுடன் சேர்த்துக் கடைவர், அல்லது அம்மியில் அரைப்பர். ஒரு வேக்காட்டில் இரண்டு உணவு. ஒரு துளியும் வீணில்லை. மழைநாளில் கொள்ளுச்சாறு ஊற்றிய சோற்றிற்கு நிகராக எந்த உணவகமும் இதுவரை ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. இக்கொள் நேற்று வந்த கூலமன்று. கொள்ளையும் பயற்றையும் பாலோடு கலந்து ஆக்கிய மிதவையை அகநானூற்றின் 37ஆம் பாடல் பேசுகின்றது. கழகக்காலத்து உழவர் உண்ட அவ்வுணவு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்து காங்கேயத்து அடுக்களைவரை வந்து சேர்ந்துவிட்டது. அடுக்களைக்கும் கடைச் சுவருக்கும் இடைப்பட்ட பத்தடியைத்தான் அதனால் கடக்க முடியவில்லை. 'குதிரைத் தீனி' என்று இகழ்வார் இகழ்ச்சிக்கு அஞ்சியே கடைக்காரர் அதனை மறைத்து வைக்கின்றார். குதிரை அறிந்த நலத்தை மாந்தன் மறந்தால் இழப்பு குதிரைக்கன்று.

களியும் கம்பங்கூழும் இன்னும் கொடிய இழிவுக்கு ஆளானவை. கொங்குநாட்டின் பெரும்பகுதி மானாவாரி நிலம். கம்பும் சோளமும் கேழ்வரகுமே அங்குப் பெருவிளைவு. அரிசிச் சோறு நோன்புநாளுக்கும் விருந்துக்கும் உரியது. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டபின் கீழ்பவானிக் கால்வாய் 2,07,000 ஏக்கருக்கு நீர் தந்தது. நெல் பெருகிற்று. பின்னர் நியாயவிலைக் கடைகளின் வழியே அரிசி எல்லார் வீட்டிற்கும் வந்தது. 2011 முதல் அது விலையின்றியே வழங்கப்படுகின்றது. பசி நீங்கியது, அதனை வரவேற்காதார் எவரும் இரார். ஆனால் பசியோடு சேர்த்துக் கம்பையும் களியையும் ஏழ்மையின் அடையாளமென்று தூக்கி எறிந்ததுதான் கேடு. களி தின்றவன் என்றால் காட்டான் என்றும், சிறை சென்றவன் என்றும் பொருள்கொள்ளும் அளவிற்குச் சொல்லே இழிந்தது.

அடுத்து நடந்தது வேடிக்கையினும் வேடிக்கை. 2023ஆம் ஆண்டினை ஒன்றிய நாடுகள் அவை சிறுகூலங்களின் உலக ஆண்டென்று கொண்டாடியது. அதன்முன்னும் பின்னும் பெருநகரங்களில் கம்பும் தினையும் சாமையும் குளிர்ந்த அறைகளில் வெள்ளைத் தட்டுகளில் தோன்றின. எப்பெயருடன்? 'மில்லட்' என்னும் பெயருடன்! கம்பும் மில்லட்; தினையும் மில்லட்; வரகும் மில்லட். ஒவ்வொன்றின் மணத்தையும் உமியின் தடிப்பையும் வேகும் பொழுதையும் அறிந்து தமிழர் வெவ்வேறு பெயரிட்டு அழைத்த கூலங்கள் அனைத்தும் ஒரே அயற்சொல்லுக்குள் அடைக்கப்பட்டுவிட்டன. கம்பங்கூழ் என்று தெருவோரத்தில் ஒரு மூதாட்டி மண்பானையில் ஊற்றித் தந்தால் வண்டியை நிறுத்தத் தயங்குபவர், அதனையே அயற்பெயரில் பன்மடங்கு விலைக்கு வாங்கிப் படமெடுத்து நண்பர்க்கு விடுக்கின்றார். உணவு மீண்டது, அதனை ஈன்றவள் பெயர் மீளவில்லை.

அயலுணவை விற்றல் குற்றம் என்பது ஈண்டுக் கருத்தன்று. உணவு ஊர்விட்டு ஊர் செல்லும், செல்ல வேண்டும். மிளகாயே கடல் கடந்து வந்ததுதான். அதுவின்றி இன்று தமிழன் அடுப்பு எரியாது. திருப்பூரிலும் பெருந்துறையிலும் வடபுலத்துத் தொழிலாளர் பல்லாயிரவர் உழைக்கின்றனர். அவர்தம் உணவு அங்கு விற்கப்படுவது முறையே. ஆயின் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். பானிபூரி வந்தபோது தன் பெயரோடு வந்தது. அதனை எவரும் மொழிபெயர்த்து விற்கவில்லை, கூசவுமில்லை. மோமோவும் அவ்வாறே தன் பெயரோடு வந்து தெருமுனையில் நின்றது. தமிழ்ச் சிறுவன் ஒரே மாலையில் அப்பெயர்களைக் கற்றுக்கொண்டான். புதிய பெயர்களைக் கற்க அவனுக்கு வலியில்லை என்பது இதனால் விளங்கும். நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்து வந்த உணவு தலைநிமிர்ந்து தன் பெயர் கூறும் தெருவில், அத்தெருவிலேயே பிறந்த உணவு பெயர் மாற்றிக்கொண்டு திரிகின்றது.

உணவு விற்பவர்க்கும் உணவுக்கும் பெயர் வழங்கத் தமிழர் என்றும் பின்தங்கியவரல்லர். சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டுமிடத்தில் காழியர் என்பாரையும் கூவியர் என்பாரையும் குறிக்கின்றது. காழியர் பிட்டு விற்போர். கூவியர் அப்பம் விற்போர். மதுரைக்காஞ்சியோ ஒருபடி மேற்சென்று, இரவில் தம் அடைகளோடும் மோதகங்களோடும் கடைமுன் அமர்ந்தவாறே உறங்கி வழியும் கூவியரை நம் கண்முன் நிறுத்துகின்றது. பாண்டியனின் தலைநகரைப் பாட வந்த புலவர் மாங்குடி மருதனார், அரண்மனையைப் பாடியதோடு அமையாமல் அப்பக் கடைக்காரரின் தூக்கத்தையும் பாடத்தக்கதாக மதித்தார். அத்தகைய மக்கள் வழிவந்தோர் இன்று 'டிபன் சென்டர்' என்னும் இரண்டு அயற்சொற்களின் கீழ் அமர்ந்து பிட்டும் அப்பமும் விற்கின்றனர்.

தஞ்சைப் பெருவுடையார் கோவிலில் இராசராசன் (985–1014) பொறித்த கல்வெட்டுகளில் படையலுக்குரிய பொருள்கள் அளவோடு வரையப்பட்டுள்ளன. கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என அங்கு எல்லாமே அமுது. மாலியர் இல்லங்களில் 'இரசம்' என்னாது சாற்றமுது என்றும், 'பாயசம்' என்னாது கண்ணமுது என்றும் இன்றளவும் வழங்குவர். வடமொழியைத் தலைமேற்கொண்டோர் என்று கருதப்படும் இல்லங்களிலும் அடுக்களை மட்டும் தமிழாகவே இருந்து வந்துள்ளது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சோறு என்னும் சொல்லின் வீழ்ச்சி தனியே கூறவேண்டுவது. உதியஞ்சேரலாதனுக்குப் பெருஞ்சோற்று என்பதே அடையாயிற்று; சோறிட்ட புகழ் வேந்தன் பெயரோடு ஒட்டி நின்றது. இன்று சிறுநகர்க் கடையொன்றில், "சோறு கொண்டு வாருங்கள்" என்று ஒருவர் கேட்டால் பக்கத்து இருக்கையர் திரும்பிப் பார்ப்பர். "சாதம் போடுங்க" என்பதே மதிப்பாகிவிட்டது. 'ரைசு' என்பது அதனினும் உயர்ந்த மதிப்பு! எலுமிச்சஞ்சோறும் தயிர்ச்சோறும் புளிச்சோறும் பெயரிழந்து, 'வெரைட்டி ரைசு' என்னும் ஒரே பட்டியில் அடைபட்ட ஆடுகளாயின. சோறு என்பது திட்டுவதற்கும், 'ரைசு' என்பது விற்பதற்கும் உரிய சொல்லாகிய நாட்டில், உழவன் மதிப்பிழந்து நிற்பதில் வியப்பென்ன?

சட்டம் இல்லாமலில்லை. 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் வழிவந்த நெறிமுறைகள், கடைகளின் பெயர்ப்பலகை தமிழில் அமைதல் வேண்டும் என்றும், பிறமொழி சேர்ப்பின் தமிழே முதன்மையாய் நிற்றல் வேண்டும் என்றும் கூறுகின்றன. தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று பங்கு, பிறமொழி இரண்டு பங்கு என அளவும் வகுக்கப்பட்டுள்ளது. கடைக்காரர் அதற்குக் கட்டுப்பட்டார். 'ஓட்டல்' என்றும் 'மெசு' என்றும் 'ரெசுட்டாரண்டு' என்றும் ஐந்து பங்கு அளவில் அழகிய தமிழெழுத்தில் எழுதி மாட்டினார். எழுத்து தமிழாயிற்று, சொல் ஆகவில்லை. எழுத்தின் உயரத்தை அளக்கும் அலுவலர்க்குச் சொல்லின் பிறப்பை அளக்கும் கோல் தரப்படவில்லை. மேலும் வாயிற்பலகைதான் சட்டத்தின் கண்ணில் படும். உள்ளே தொங்கும் கரும்பலகை கடைக்காரரின் மனத்தை மட்டுமே பொறுத்தது.

பலகைக்காகப் போராடலாமா, அஃது அத்துணைப் பெரிய செய்தியா என்பார்க்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் பெரியார், உணவுக்கடைப் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிச் சென்னையில் பெருங்கிளர்ச்சி நடத்தினார். ஒரு சொல்தானே என்று அன்றும் கேட்டனர். அச்சொல் உண்பவனை ஏற்றத்தாழ்வோடு பார்த்தது, ஆகலின் அது விழ வேண்டியிருந்தது, விழுந்தது. உண்பவன் தாழ்ந்தவன் என்னும் சொல் விழுந்த பலகையில், உண்ணும் உணவு தாழ்ந்தது என்னும் நினைப்பு சொல்லாமலே இன்னும் எழுதப்பட்டிருக்கின்றது.

நல்ல சொல்லை மக்கள் ஏற்கமாட்டார் என்பதும் வெறும் கூற்றே. 2013இல் அம்மா உணவகம் சென்னையில் திறக்கப்பட்டபோது, அதற்குமுன் மேடைத்தமிழ் என்று எள்ளப்பட்ட உணவகம் என்னும் சொல் மூட்டை தூக்குவார் வாயிலும் தானியோட்டுவார் வாயிலும் ஒரே திங்களில் ஏறியது. 2022இல் பள்ளிப் பிள்ளைகட்கு வந்த திட்டத்திற்குக் காலை உணவுத் திட்டம் என்றே பெயர். 'டிபன்' அங்கே தேவைப்படவில்லை. சோறும் சொல்லும் ஒருங்கே வந்தால் மக்கள் இரண்டையும் ஏற்பர். சொல் மட்டும் தனியே வந்தால்தான் அது ஏட்டோடு நின்றுவிடும்.

இங்கே தூய்மை வேண்டுவோர் சிலர்க்கும் ஒன்று கூற வேண்டியுள்ளது. உணவுப் பெயர்களைத் தமிழாக்குவதாகக் கூறிப் புதுச்சொற்களை அறையில் அமர்ந்து வார்க்கும் முயற்சிகள் பல நடந்துள்ளன. புரோட்டாவிற்கு ஒரு பெயர், பூரிக்கு ஒரு பெயர், சப்பாத்திக்கு ஒரு பெயர் என்று பட்டியல்கள் வெளிவந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு, நகைப்பிற்கிடமானவையும் உண்டு. அயலுணவுக்குப் பெயர் தேடும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கையேனும், பெயரோடு பிறந்த சந்தகைக்கும் கச்சாயத்திற்கும் கடைசலுக்கும் செலவிட்டிருந்தால் கரும்பலகையின் பாதி இன்று தமிழாயிருக்கும். புதுச்சொல் வார்ப்பது ஒரு பணி. வாழும் சொல்லைச் சாகாமல் காப்பது அதனினும் முந்திய பணி. 'சட்டினி'க்கு மாற்றுச்சொல் தேடியவர் நெல்லையிலும் மதுரையிலும் துவையல் என்னும் சொல் அம்மியருகே உயிரோடிருப்பதை முதலில் கண்டிருக்க வேண்டும்.

ஈழத்தமிழர் இதில் வழிகாட்டிகள். போரினால் ஊரையும் வீட்டையும் இழந்து டொரண்டோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் குடியேறிய அம்மக்கள், அங்குத் திறந்த சிறுகடைகளில் இடியப்பம், புட்டு, சொதி, சம்பல் என்றே விற்கின்றனர். இடியப்பத்தை எண்ணிக்கைக் கணக்கில் கட்டித்தந்து, சொதியைத் தனியே ஊற்றித் தருவர். பனி கொட்டும் மாலையில் வேலைவிட்டு வரும் தந்தையோடு நிற்கும் சிறுமி, சொதி என்னும் சொல்லை அக்கடையில்தான் கற்கின்றாள். அச்சொல் நெல்லைச் சைவ வேளாளர் இல்லங்களிலும் திருமணத்தின் மறுநாள் விருந்தில் மணக்கும் சொல்லே. கடலின் இருகரையிலும் பொதுவான அப்பெயர் பாரிசுக் கடையில் நிற்கின்றது. தன் மண்ணிலேயே வாழ்வார்க்கு அத்துணிவு ஏன் வரவில்லை?

கடைக்காரர் பக்கத்து முறையையும் கேட்டாக வேண்டும். அவர் மொழிப்பற்று இல்லாதவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது, அது நேர்மையன்று. சந்தகை முன்கூட்டிப் பிழிந்து வைத்தால் ஆறி வறண்டுவிடும். இட்டலியோ மூடிய கொப்பரையில் சூடாகவே இருக்கும். புரோட்டா மாவு பிசைந்து வைத்தால் நள்ளிரவுவரை தாங்கும். சந்தகைக்கு மூவர் உழைப்பு. புரோட்டாவிற்கு ஒருவர் போதும். தேங்காய்ப்பால் சில மணிப்பொழுதில் திரிந்துபோகும்; தேங்காயின் விலையோ ஒருநாள்போல் ஒருநாள் இல்லை. கூலியாளுக்கு நாட்கூலி தந்து, வாடகை கட்டி, எரிவளி வாங்கி நடத்தும் ஒரு சிறுகடை, விற்குமா விற்காதா என்றறியாத உணவில் முதல் போடத் தயங்குவது இயல்பே. வீட்டுச் சுவையை விரும்பிப் பேசுவோர் பலர். வாரந்தோறும் வந்து விலைகொடுத்து உண்போர் சிலர். பேசுவோர் உண்பாராக மாறினாலன்றிக் கடைக்காரரைக் கடிந்துகொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை.

மற்றொன்று: இவ்வுணவுகள் வீட்டிலேயே வாழட்டும், கடைக்கு எதற்கு என்பாரும் உளர். அவர் கூற்றில் ஒரு கொடுமை மறைந்துள்ளது. வீட்டில் வாழட்டும் என்றால் எவர் கையால்? பகலெல்லாம் பின்னலாடை ஆலையில் நின்றுவிட்டு வரும் பெண், மாலையில் அரிசி அரைத்து ஆவியேற்றித் திருகுபிடியைச் சுற்ற வேண்டும் என்பதா? கூடி உழைத்த அண்டைவீட்டார் இன்றில்லை. திருகுபிடி சுற்றும் இளைஞன் வெளியூரில் விடுதியில் உள்ளான். பல வீடுகளில் கருவி பரண்மேல் துருப்பிடித்துக் கிடக்கின்றது. இந்நிலையில் வீட்டுச் சுவையைக் காக்கத்தக்க இடம் சிறுநகர் உண்டிக்கடையே. அங்குக் கைகள் உண்டு, அடுப்பு உண்டு, அரைக்கும் பொறி உண்டு. கொங்குநாட்டுத் திருமணங்களில் அண்மைக்காலமாகச் சந்தகைக்கெனத் தனியிடம் ஒதுக்கிச் சுடச்சுடப் பிழிந்து இடுகின்றனர்; அங்குத்தான் கூட்டமும் மிகுதி. விருப்பம் சாகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. திருமணத்தில் வரிசையில் நின்று வாங்கி உண்பவரே, மறுநாள் கடையில் அமர்ந்து பலகையில் இல்லாததைக் கேட்க நாணுகின்றார்.

ஆதலின் வேண்டுவன பெரிய திட்டங்களல்ல. வாரத்தில் ஒருநாள், அதுவும் சந்தைநாள் மாலையில் மட்டும், சந்தகை பிழியலாம். ஒரு நாளேனும் கொள்ளுச்சாறும் கடைசலும் அரிசிம்பருப்பும் பலகையில் தம் பெயரோடு ஏறலாம். உண்ண வருவோர் பலகையில் இல்லாவிடினும் பெயர் சொல்லிக் கேட்கலாம். பத்துப்பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அது பலகையில் இருக்கும். பிள்ளையை அழைத்து வருவோர், "உனக்கு என்ன வேண்டும்?" என்று வினவும்போது சந்தகை என்னும் சொல்லையும் அவன் காதில் போடலாம். தமிழ்மன்றங்கள் தம் ஆண்டுவிழாவில் விருந்திடும் நாளில், வெளியூர்ச் சமையற்குழுவினரை அழைத்துப் 'பிரியாணி' ஆக்குவதை விடுத்து, அவ்வூர்க் கடைக்காரரிடமே இருநூறு பேர்க்குச் சந்தகை சொல்லலாம். மேடையில் ஒருமணிப்பொழுது பேசுவதைவிட அது மிகுதியாக வேலைசெய்யும்.

கடைக்காரரின் தயக்கத்திற்கும் வழி உண்டு. சந்தகை ஆறக்கூடாது என்பதே இடர் எனின், முன்னரே எண்ணிக்கை அறிந்து பிழியலாம். கரும்பலகையின் கீழோரத்தில், 'சந்தகை – இன்று மாலை 6 மணி முதல். வேண்டுவோர் நண்பகலுக்குள் சொல்லிவிடுக' என்று எழுதினால் போதும். எத்துணைப்பேர்க்கு அரிசி ஊறவைப்பது, பாலுக்கு எத்துணைத் தேங்காய் உடைப்பது என்பனவும் அதனால் முன்னரே தெரிந்துவிடும்.